மெர்சியின் மணிக்கட்டில் எழும்பிய கட்டி

மெர்சி, கணபதி என்கிற பகுதியில் ஒரு சிறிய பட்டறையில் பம்ப் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றுகிறவள். பதினாறு வருஷமாக அதே வேலை. சுற்றிய கம்பியை மோட்டாரின் இரும்புப் பள்ளங்களுக்குள் கட்டைவிரலால் அழுத்திச் செருக வேண்டும். மணிக்கட்டு மடங்கியபடியே இருக்கும். நாற்பதாவது வயதில் வலது மணிக்கட்டின் மேல்புறம் ஒரு கட்டி எழும்பியது. முதலில் சுண்டைக்காய் அளவு. ஆடி முடிவதற்குள் நெல்லிக்காய் அளவு.

கட்டியைவிட அதைத் தொட்டுப் பார்க்க வந்தவர்கள்தான் அவளை வாட்டினார்கள். கேட்காமலேயே கையை இழுத்து அமுக்குவார்கள். பக்கத்து வீட்டு மாரியாத்தாள் ஒரு ரூபாய்க் காசை வைத்து இறுக்கிக் கட்டச் சொன்னாள். கட்டியதில் விரல்கள் மரத்துப்போனதுதான் மிச்சம். பட்டறை மேஸ்திரி அழகிரிசாமி எல்லோர் முன்னாலும், "ஏனம்மிணி, கேன்சரா இருந்தாலும் இருக்கும். எதுக்கும் தண்ணி டம்ளரைத் தனியா வெச்சுக்க" என்றார்.

மெர்சியின் அப்பா டீக்கடையில் தனி டம்ளரில் குடித்து வளர்ந்தவர். அவளுக்குச் சுருக்கென்றது. "கேன்சர் டம்ளர்லயா ஒட்டிக்கும்? படிச்சவங்களாட்டம் பேசுங்க" என்று சொல்லிவிட்டு, பானைமேல் இருந்த பொது டம்ளரிலேயே மொண்டு, அவர் பார்க்கக் குடித்தாள்.

வீட்டிலும் நிம்மதியில்லை. கணவன் அன்புமணி எங்கேயோ கேட்டுவிட்டு வந்தான்.

"கனமான புஸ்தகத்தால ஒரே போடு போட்டா அமுங்கிரும்ங்கறாங்க மெர்சி. பைபிளை எடுக்கட்டா?"

"வேதத்தை வெச்சு என்னை அடிக்கப் போறீங்களா?"

அவன் விடவில்லை. ஒரு வாரம் அதையே பேசினான். சலித்துப்போய், பைபிளுக்குப் பதிலாக மகளின் டிக்‌ஷனரியால் அடிக்கச் சொல்லி மெர்சி கையை நீட்டினாள். ஒரே அடி. கட்டி காணாமல் போனது. அன்புமணி தெருவெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டான். ஆனால் கை இரண்டு நாள் வீங்கிக் கிடந்தது. மூன்றாவது வாரம் கட்டி பழைய இடத்திலேயே உட்கார்ந்திருந்தது.

அப்புறம்தான் எலும்பு டாக்டர் நிலோஃபரிடம் போனாள். டாக்டர் அறை விளக்கை அணைத்துவிட்டு, ஒரு சின்ன டார்ச்சைக் கட்டியின் ஓரத்தில் வைத்தார். கட்டி சிவப்பாக ஒளிர்ந்தது.

"வெளிச்சம் ஊடுருவுது பாருங்க. உள்ள ஜெல்லி மாதிரி தண்ணிதான். மூட்டுக்குள்ள இருக்கற வழவழப்பான திரவம் வெளிய பிதுங்கிப் பை மாதிரி ஆயிருக்கு. கேன்சர் இல்லை, யாருக்கும் ஒட்டாது. வலி இல்லைன்னா விட்டுரலாம், நிறைய பேருக்குத் தானாவே மறைஞ்சிரும். உங்களுக்கு வேலையில வலிக்குதுன்னா ஊசியில உறிஞ்சிடலாம். ஆனா திரும்ப வரலாம். அடிச்சு உடைக்க மட்டும் வேண்டாம், எலும்பு உடைஞ்சிரும்."

மெர்சி டிக்‌ஷனரி கதையைச் சொன்னாள். டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

ஊசியில் கண்ணாடி போலக் கெட்டியான திரவம் வந்தது. மணிக்கட்டுக்குப் பட்டை போட்டுக்கொண்டு வேலை பார்த்தாள். நாலே மாதம். கட்டி திரும்ப வந்தது.

"நாந்தான் அப்பவே சொன்னனே, காசை அவுத்திருக்கக் கூடாது" என்றாள் மாரியாத்தாள்.

"அக்கா, உங்க வாய்க்கு ஒரு பட்டை போடோணும்" என்றாள் மெர்சி. மாரியாத்தாள் பத்து நாள் பேசவில்லை. அந்தப் பத்து நாளும் மெர்சிக்கு நிம்மதியாக இருந்தது.

கடைசியில் ஆபரேஷன் என்று முடிவானது. ஆபரேஷன் செய்தாலும் சிலருக்குத் திரும்ப வரும், கை கொஞ்சம் விறைக்கும் என்று டாக்டர் மறைக்காமல் சொன்னார். "எப்படி வந்தாலும் சரிங்க, என்ன வரும்னு நேரா சொல்றது நீங்க ஒருத்தருதான்" என்று மெர்சி கையெழுத்துப் போட்டாள். கையை மட்டும் மரக்கவைத்து, பையை வேரோடு எடுத்தார்கள். சாயங்காலமே வீடு திரும்பினாள். இரண்டு வாரத்தில் தையல் பிரித்தார்கள். சாப்பாடு பிசையக்கூட முடியாத அந்த நாட்களில் அன்புமணிதான் சமைத்தான். தினமும் சாம்பாரில் உப்பு கூட.

ஆறாவது வாரம் வேலைக்குப் போனாள். இப்போது ஒரு வருஷம் ஆகிறது. உள்ளங்கையைத் தரையில் முழுசாக ஊன்ற இன்னும் முடியவில்லை. டாக்டர் சொன்ன பயிற்சியைச் சமையலறைச் சுவரில் கைவைத்துச் செய்கிறாள். கம்பி செருகும்போது வலி இல்லை. கட்டியும் திரும்ப வரவில்லை.