ஸ்கேனரில் விழுந்த விரல்

நீங்க நம்பித்தான் ஆகணும்னு சொல்லல. இந்த மாதிரிக் கதைகளைக் கேட்டுச் சிரிக்கிற ஆள்தான் நானும். எங்க வீட்டில் முதலில் படித்தவன், அதுவும் நூலகத் துறை, ஆதாரம் இல்லாமல் எதையும் ஏற்காதே என்று சொல்லிக்கொடுக்கிற படிப்பு.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு சங்கத்து நூலகம். பழைய தமிழ்ப் பத்திரிகைகளை ஸ்கேன் செய்வது என் வேலை. அந்தக் காலத்தில் ஓலையைப் படி எடுத்ததும் பழசை ஆற்றில் விட்டுவிடுவார்களாம். எங்களுக்கு ஆறு இல்லை, காகிதம் அள்ளுகிற லோரி. இது நடந்த நாளுக்கு மறுநாள் காலை அது வருவதாக இருந்தது.

"இன்னிக்கு முடிக்கலன்னா மிச்சம் அப்படியே போயிரும் லா, தம்பி" என்றார் பொறுப்பாளர் அக்கா.

அப்பா கிள்ளான் ஆஸ்பத்திரியில். பக்கவாதம், வலது கை விழுந்துவிட்டது. தங்கச்சி கூட இருந்தாள். சாயந்திரம் போய்க்கொள்ளலாம் என்று கடைசிப் பத்திரிகைக் கட்டைப் பிரித்தேன்.

தாள் சுருளாமல் இருக்கக் கட்டைவிரலால் அழுத்திப் பிடிப்பேன். படத்தில் விழும் விரலை மென்பொருளே அழித்துவிடும். அன்று மத்தியானம் திரையைப் பார்த்தால் என் விரல் அழிந்திருக்கிறது, ஆனால் நடுப்பக்கத்தில் வேறொரு விரல். ஆள்காட்டி விரல், நுனி இல்லை. காப்பார் தோட்டத்தில் எண்ணெய்க்குச் செம்பனைக் குலை வெட்டும்போது அப்பாவின் வலது கையில் போன நுனி. மேசையில் வெறும் தாள்தான். அடுத்தடுத்த பக்கங்களிலும் அதே விரல், எழுத்துக் கூட்டிப் படிப்பவர் வைப்பதுபோல வரிக்கு அடியில். அப்பாவுக்கு எழுத்தே தெரியாது.

தங்கச்சிக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, அந்தக் கை ஆடுதுண்ணே. போர்வையில கோடு போடற மாதிரி இழுத்துக்கிட்டே இருக்காரு. நர்ஸே வந்து பார்த்துட்டுப் போறாங்க."

உடனே கிளம்பியிருக்கலாம். ஆனால் நான் பக்கம் திருப்புவதை நிறுத்தினால் அந்தக் கையும் நின்றுவிடுமோ என்று பயம், என்ன பயமோ, படித்த பயல்தான் நான், திருப்பிக்கொண்டே இருந்தேன். கடைசித் தாளில், பத்தியின் பாதியில் விரல் நின்றது. அதற்குப் பிறகு திருப்ப ஒன்றும் இல்லை. போன் அடித்தது. அப்பா போய்விட்டார்.

மறுநாள் லோரி வந்து எல்லாவற்றையும் அள்ளிப்போனது.

"யாரு விரல் தம்பி இது? வேற ஆள உள்ள விட்டீங்களா?" என்று பிறகு படங்களைச் சரிபார்த்தபோது கேட்டார் அக்கா. "அழிச்சிருங்க."

மற்ற பக்கங்களில் அழித்தேன். கடைசிப் பக்கத்தில் மட்டும் மனசு வரவில்லை.

போன வாரம் அந்தப் படத்தைத் திறந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், விரல் ஒரு வரி கீழே இறங்கியிருக்கிறது. பத்தி முடிய இன்னும் சில வரிகள்தான். அப்பாவுக்குத் திருப்பிக் காட்ட என்னிடம் அடுத்த பக்கம் இல்லை.