டேப்பில் பதிந்த கிசுகிசுப்பு

எழுபதுகளின் தொடக்கத்தில், ஆசிரியர் பயிற்சியின்போது நான் செய்த தப்பு இது. தாம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு ஒரு மாதமாகப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். மதிப்பெண் போட விரிவுரையாளர் வரும் நாளில், கல்லூரியின் டேப் ரிக்கார்டரைக் கேட்டு வாங்கிப் போனேன். பிள்ளைகளின் பதில்களைப் பதிவுசெய்து போட்டுக் காட்டினால் சார் அசந்துவிடுவார் என்று நினைப்பு. முந்தின நாளே நான்கு கெட்டிக்காரப் பெண்களுக்குப் பதில்களைச் சொல்லிக்கொடுத்து, மற்றவர்கள் கை தூக்கக் கூடாது என்று மிரட்டியும் வைத்திருந்தேன்.

பாடம் பிசகில்லாமல் முடிந்தது. கடைசி பெஞ்சில் சார் தலையாட்டினார். டேப்பை ஓடவிட்டேன். மின்சார ரயில் சத்தம், பிறகு என் குரல்: "கோடையில் ஏரித் தண்ணீர் எங்கே போகிறது?" அடுத்து, மைக்குக்குப் பக்கத்து பெஞ்சிலிருந்து கிசுகிசுப்பு.

"எனக்குத் தெரியும்டி. எங்க வூட்டாண்டதான் ஏரி கீது."

"கையத் தூக்காதடி. நாலு பேர்தான் தூக்கணும்னு மிஸ் சொன்னாங்க இல்ல?"

விரல் தானாகப் பொத்தானுக்குப் போனது.

"நிறுத்தாதம்மா, ஓடட்டும்," என்றார் சார். டேப் முடியும்வரை நின்றேன். பிறகு அவர் ஒன்றுதான் கேட்டார்: "ஏரின்னு சொல்லிச்சே, அந்தப் பொண்ணு பேரு என்ன?"

எனக்குத் தெரியவில்லை.

அந்த மெஷினை என் பாடத்துக்கு ஒரு அலங்காரமாகத்தான் கொண்டுபோனேன். ஒரு மாதமாக என் காதில் விழாத குரல் அதன் காதில் விழுந்திருக்கிறது. மார்க் போனதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். மறுநாள் மைக் பக்கத்து பெஞ்சுக்குப் போய் அவளிடம் பெயர் கேட்கத்தான் கூச்சமாக இருந்தது; ஆனாலும் கேட்டேன்.

எழுந்து நின்று பெயரைச் சொன்னாள். உட்காராமலே கேட்டாள்: "இனிமே கையத் தூக்கலாமா, மிஸ்?"