யா நோ

எனக்குக் காய்ச்சல் வந்த வாரம், என் பங்கு விரிப்புகளையும் அண்ணியே மடித்து என் கூடையில் அடுக்கியிருந்தார். யார் செய்தது என்று கேட்டேன். “மிஷினுக்கு உன்மேல இரக்கம் போல” என்றார். நாங்கள் வேலை பார்த்தது ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் கூடத்தில். ஒரே மேசையில் எதிரும் புதிருமாக நிற்போம்.

அண்ணன் வெளிநாட்டு வேலைக்குப் போயிருந்தான். அவன் அறைக்கு ஒரே போன்தான். அவனோடு தங்கியிருந்தவர் எடுப்பார். அவருக்கு ஸ்பானிஷ் தவிர வேறு பேச்சு தெரியாது. அண்ணன் பெயரைச் சொன்னதும் “யா வியேனே, யா வியேனே” என்பார். கொஞ்ச நேரத்தில் அண்ணன் பேசுவான்.

“முகம் தெரியாத மனுஷன் ஐயா போடுற மாதிரி என்னை ‘யா’ங்கிறாரு. உங்கண்ணன் என்னைக்காவது ஒரு ‘ங்க’ போட்டிருக்காரா?” என்று அண்ணி சிரிப்பார்.

ஒரு நாள் போனை எடுத்தவர் வேறு மாதிரி சொன்னார்: “யா நோ விவே அகி.” அண்ணிக்கு ‘நோ’ மட்டும் புரிந்தது. அண்ணன் வெளியே போயிருப்பான் என்று மறுநாளும் கூப்பிட்டார். அதற்கடுத்த நாளும். அதே பதில். நான் கடவுளைக் கேட்டுக்கொண்டேன். வேறு யாரைக் கேட்பது?

கூடத்தில் தரை துடைக்கும் அம்மாள் கடல் தாண்டி இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவர், ஸ்பானிஷ்தான் தாய்மொழி. நம் பேச்சு அரைகுறையாக வரும். அண்ணி அவரிடம் அர்த்தம் கேட்டார். அம்மாள் மடித்து முடித்த அடுக்கைத் தட்டி, “யா. ஆச்சு” என்றார். சூடேறிய இஸ்திரிப் பெட்டியைக் காட்டி, “யா. இப்ப தேய்க்கலாம்” என்றார்.

“அப்ப ‘யா வியேனே’?”

“இதோ வர்றார்.”

“யா நோ?”

அம்மாள் சோப்புத்தூள் டப்பாவைக் கவிழ்த்தார். ஒன்றும் விழவில்லை. “முன்ன இருந்துச்சு. இனிமே இல்ல.”

“விவே அகி?”

“இங்க குடியிருக்கார்.” சொல்லிவிட்டு, அண்ணி முகத்தைப் பார்க்காமல் வாளியை எடுத்துக்கொண்டு போனார்.

அண்ணி அழவில்லை. ஒரு விரிப்பின் முனையை என்னிடம் நீட்டினார். பிடித்தேன்.

“வேற வீடு மாறியிருப்பான் அண்ணி.”

“மாறியிருப்பாரு. வீடு மாறினா நம்ம நம்பருமா மறந்துபோகும்? முனை சேரல, பாரு.”

அதன் பிறகு அண்ணனிடமிருந்து போனே வரவில்லை. அண்ணி சாப்பிட்டார், வேலைக்கு வந்தார். சாயங்காலம் சாமி முன்னால் என் பக்கத்தில் கைகூப்பி நிற்பார், உதடு அசையாது. ஒரு வருஷம் அப்படிப் போனது. பிறகு தன் தங்கை இருக்கும் ஊரில் ஒரு ஓட்டலில் வேலை தேடிக்கொண்டார்.

பஸ் ஏற்றிவிடப் போனேன். ஒருவேளை அண்ணன் கூப்பிட்டால் என்ன சொல்லட்டும் என்று கேட்டேன். ஜன்னலோரம் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டார்.

“இங்க இல்லன்னு சொல்லாத, திரும்பத் திரும்பக் கூப்பிடுவாரு. இனிமே இல்லன்னு சொல்லிடு.”