ஸ்டோர் அடுப்புக்கு விறகு போட்டவர்

என் அப்பா லிந்துலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் ஸ்டோர் அடுப்புக்கு விறகு போட்டவர். தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்போம். கொழுந்தைக் காயவைக்கும் சூடு அந்த அடுப்பிலிருந்துதான் வரும். அதன் முன்னால் அப்பா செருப்போடு நிற்கமாட்டார். ஒருமுறை அங்கே வெற்றிலை துப்பினவனை அடிக்கவே போய்விட்டார்.

“நெருப்போட கெடந்தவன் நெருப்புலதான் போவணும். என்னைய மண்ணுல பொதைச்சிராதீங்க” என்று என்னிடமும் தம்பியிடமும் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். எரிந்தால்தான் உயிர் உடம்பை விட்டு முழுதாகக் கழன்று போகும், புதைத்தால் குழிமேட்டையே சுற்றிக்கொண்டிருக்கும் என்பது அவர் நம்பிக்கை. தோட்டத்தில் பெரும்பாலும் புதைப்பதுதான் வழக்கம். அதனாலேயே அவருக்குப் பயம்.

நான் அப்போது கொழும்பில், தனியாக இருந்த வயதான பார்சி அம்மா ஒருவர் வீட்டில் வேலை செய்தேன். நெருப்பைச் சாட்சியாக வைத்துக் கடவுளைக் கும்பிடுகிற பழைய மதம் அவர்களுடையது. தலையில் துணி கட்டிக்கொண்டு தினமும் விளக்கின் முன்னால் நிற்பார். விளக்கை வாயால் ஊதி அணைக்க என்னை விட்டதே இல்லை. எச்சில் மூச்சு பட்டால் தீட்டாம். அப்பாவும் இவரும் நல்ல ஜோடி என்று எனக்குள் சிரித்திருக்கிறேன். ஒன்றில் மட்டும் ஒத்துவராது. அவர்கள் பிணத்தை நெருப்பில் வைக்கமாட்டார்கள், கொழும்பில் புதைப்பதுதான் அவர்கள் வழக்கம். அவ்வளவு சுத்தமானதில் செத்ததைப் போடலாமா என்று கேட்பார். உயிர் மூன்று நாள் பக்கத்திலேயே இருந்து, நாலாம் நாள் விடியலில் ஒரு பாலத்தைக் கடந்து போகுமாம்.

அப்பா செத்த வாரம் விடாத மழை. மண் சரிந்து ரோடு மூடிக் கிடந்ததால் டவுன் சுடலைக்கு வண்டி போக வழியில்லை. சரிந்த இடத்திலிருந்து நான் நடந்தே வீட்டுக்கு வந்தேன். தோட்டத்திலேயே எரிக்கலாம் என்று தம்பி கொள்ளிச் சட்டியைத் தயார் பண்ணியிருந்தான். லயத்து வரிசை வீடுகளின் சனங்கள் வீட்டுக்கு ஒரு கட்டு என்று, கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சிகளைக் கொண்டுவந்து போட்டார்கள். அத்தனையும் ஈரம். காய்ந்த விறகு ஸ்டோர் கூரைக்குக் கீழே ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தது. அப்பா கையால் அடுக்கியது.

எங்களுக்காகத் தோட்டத்து மேனேஜர் துரையிடம் விறகு கேட்கப் போன தோட்டத் தலைவர் வெறுங்கையோடு திரும்பினார். தொழிற்சங்கத்து ஆள்.

“ஒருத்தருக்குக் குடுத்தா எல்லாரும் கேப்பாங்களாம். ஸ்டோருக்கே வெறகு பத்தலையாம்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“நான் என்னத்தம்மா சொல்றது? ஆத்மாவுக்கு ஏதும்மா அழிவு? எரிச்சாலும் ஒண்ணுதான், பொதைச்சாலும் ஒண்ணுதான். மனசத் தேத்திக்க.”

அவர் சட்டையைப் பிடித்து உலுக்கியிருப்பேன், தம்பி குறுக்கே வந்தான். ஆத்மாவைப் பற்றி யார் கேட்டது? நாங்கள் கேட்டது விறகு. துரை முன்னால் திறக்காத வாய் சாவு வீட்டில் வேதாந்தம் பேசுகிறது. துரை செத்தால் இதே வேதாந்தத்தை அவர் பெண்சாதியிடம் போய்ச் சொல்வாரா?

வேறு வழியில்லாமல் புதைப்பதென்று முடிவானது. பொம்பளைகள் குழிமேட்டுக்கு வரக்கூடாது என்றார்கள். போனேன். தம்பி கொள்ளிச் சட்டியோடு முன்னால் நடந்தான். எரிக்கப்போவதில்லையே என்று சொல்லி யாருமே அவனைத் தடுக்கவில்லை. குழிக்குள் அப்பாவை இறக்கி மண் தள்ளிய பிறகும் சட்டி அவன் கையிலேயே இருந்தது. அதை எங்கே வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தான். கடைசியில் ஈரமண்மேல் வைத்தான். மழை அதை அணைத்தது.

அன்று சாயங்காலம் பார்சி அம்மா போன் பண்ணினார். புதைத்துவிட்டோம் என்று சொன்னதும், நல்லதுதான், உன் அப்பா நெருப்பை அசுத்தப்படுத்தாமல் போயிருக்கிறார் என்றார். அவர் அன்பாகத்தான் சொன்னார். ஆனாலும் பேச்சின் நடுவிலேயே போனை வைத்துவிட்டேன். இவர்களுடைய நெருப்புக்குப் பிணம் ஆகாது. எங்கள் பிணத்துக்கு நெருப்பு வேண்டும். இரண்டுமே நெருப்பைப் பெரிதாக நினைத்து வந்த நம்பிக்கைதான். விறகைத் தரமாட்டேன் என்ற துரைக்கு இதில் எந்த நம்பிக்கையும் கிடையாது, அவனுக்குத் தூள் காய்ந்தால் போதும்.

மூன்றாம் நாள் குழிமேட்டில் பால் ஊற்றினோம். அப்பாவின் துணிகளை ஆற்றில் விடச் சொல்லி என்னிடம் கொடுத்தார்கள். சாகும்போது அவர் கட்டியிருந்த வேட்டியும் துண்டும். அவற்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நேரே ஸ்டோருக்குப் போனேன். அடுப்படியில் அப்பாவோடு வேலை செய்த மாமா நின்றார். துணியைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

“வேணாம் தாயி, வேலய விட்டுத் தூக்கிருவாங்க.”

“நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்கங்க மாமா.”

அவர் திரும்பவில்லை. கம்பியால் அடுப்புக் கதவை இழுத்துத் திறந்துவிட்டார். இரண்டையும் உள்ளே எறிந்தேன். ஈரத் துணி முதலில் கறுத்தது, பிறகு பற்றிக்கொண்டது. வாடை வந்ததும், தூளுக்குப் பொறுப்பான டீமேக்கர் மேலேயிருந்து ஓடிவந்தார்.

“என்னத்தப் போட்ட உள்ளுக்கு? தூள்ல வாடை ஏறிருச்சுன்னா யாரு பதில் சொல்றது?”

“எங்கப்பாவப் போட்டேன். போய் தொரைகிட்ட சொல்லுங்க.”