கழுத்து வரை ரப்பீஸ்

எங்கள் சடையங்குப்பத்தில் வீட்டைத் தூக்கிக் கட்டாதவன் முட்டாள். போன வெள்ளத்துக்குப் பிறகு கொத்தனார் நசீர் பாயும் இடித்த கட்டடத்து ரப்பீஸை லோடு லோடாக இறக்கி, சமையற்கட்டைத் தவிர மற்றத் தரையை இரண்டடி உயர்த்தினார். மிச்ச ரப்பீஸைக் கொல்லையிலிருந்த பன்னிரண்டு எலுமிச்சை மரங்களின் அடியில் கொட்டி மேடாக்கினார். கொல்லைக்குப் பின்னாலிருக்கும் ஓடையின் வெள்ளம் உள்ளே வராதிருக்கச் சுற்றி மதிலும் எழுப்பினார். தெருவே பாராட்டியது. பக்கத்து வீட்டிலிருந்த நானும்தான், வெட்கக்கேடு.

மரங்கள் அவர் மனைவி ஃபிர்தௌஸ் அக்காவுடையவை. கம்பெனி வேலை போனதும் ஒட்டுக்கன்று வாங்கி நட்டவர். ஏழு வருடமாகத் திருவொற்றியூர் ஜூஸ் கடைகளுக்கு அவர்தான் காய் கொடுக்கிறார். வேறு வருமானம் அவருக்குக் கிடையாது.

ஐப்பசியில் இலைகள் மஞ்சளித்தன. ஒரு மரம் நின்றபடியே காய்ந்தது. அக்கா பயந்துபோய், மணலியில் நர்சரி வைத்திருக்கும் ஜேக்கப்பைக் கூட்டி வந்தார். அவர் ரப்பீஸை ஒதுக்கி அடிமரத்தைக் கீறினார். பட்டை ஊறிய அட்டை மாதிரி கையோடு வந்தது. புளித்த வாடை.

“ஒட்டு கட்ன எடத்தையே பொதைச்சி வச்சிகீறீங்களேம்மா! பூஞ்சை புட்ச்சி வேர் அழுவுது. காஞ்சத வேரோட எடுத்து கொளுத்துங்க. மத்ததுக்கு அந்த ஒட்டு கழுத்து தெரியற வரிக்கும் மண்ண எடுத்து, அழுவுன பட்டைய செதுக்கிட்டு, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கொழைச்சி பூசுங்க. மரத்துக்கு மரம் கத்திய கழுவுங்க. தண்ணி ஒரு நாள் நின்னா தாங்கும். தேங்குச்சினா அல்லாமே போச்சு.”

மறுநாளே பெருமழை என்று டிவியில் சொல்லியிருந்தார்கள்.

“ஊரே தூக்குது, நான் தூக்குனது மட்டும் தப்பா?” என்று பாய் முறுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்கா மண்வெட்டியை எடுத்தார். நான் கூடை சுமந்தேன். மறுநாள் மதியத்துக்குள் பதினொரு மரத்தின் கழுத்தையும் திறந்து, செதுக்கி, மருந்து பூசி, மதில் வரை வாய்க்காலும் வெட்டிவிட்டோம். அதற்கப்பால் வழியில்லை. மதிலில் ஒரு துவாரம்கூட பாய் விடவில்லை.

சாயங்காலம் மழை கொட்டியது. கொல்லை தொட்டியாகி, தண்ணீர் மரங்களின் கழுத்தைத் தொட்டது. அக்கா சம்மட்டியைத் தூக்கினார்.

பாய் ஓடி வந்தார். “ஓடை ஏறுச்சினா அந்த ஓட்ட வயியா வூட்டுக்குள்ள தண்ணி வரும். தெர்தா?”

“தெர்து. வூட்ட கயுவிக்கலாம். மரத்து வேர இன்னா பண்ணுவீங்க?”

இரண்டு அடி விழுந்தது. மதிலின் தலையில் விரிசல் ஓடியது.

“அப்டி அட்ச்சா மொத்தமும் வுயும்! குடு இப்டி.”

பாய் சேற்றில் மண்டியிட்டு, உளி வைத்து, தான் கட்டிய மதிலின் அடிக்கல்லைப் பெயர்த்தார். தண்ணீர் சீறிக்கொண்டு வெளியேறியது.

மூன்றாம் நாள் ஓடை ஏறியது. அதே ஓட்டை வழியாக வந்த தண்ணீர் சமையற்கட்டில் முழங்கால் அளவு நின்றது. அரிசி டப்பா மிதந்தது. அக்கா அதைப் பிடிக்கப் போனார். வாளியால் இறைத்துக்கொண்டிருந்த பாய் நிமிராமலே கத்தினார்:

“அத்த நான் பாத்துக்கறேன். நீ மரம் இன்னாச்சின்னு போய் பாரு!”