தெய்வானைக்கு எட்டு வயது

போன மாதம் கோயம்புத்தூரில் மகன் வீட்டில் இருந்தபோது என்னை ஒரு பெரிய கடைக்குக் கூட்டிப்போனார்கள். கடை என்றால் நாலு மாடி; படிக்கட்டே நகர்கிறது. அதில் கால் வைக்கப் பயந்து, மாரியம்மனை மனசுக்குள் ஒருதரம் கூப்பிட்டுவிட்டு, மருமகள் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். மேலே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்கையில் கூரையிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. வெள்ளைக் கார் ஒன்று வழியை மறித்து நிற்கிறதாம், உரிமையாளர் எங்கிருந்தாலும் உடனே வரவும் என்றது. நான் சட்டென்று எழுந்து நின்றுவிட்டேன்.

"ஏனுங்க அத்தை, அது நம்ம கார் இல்லீங்க. உக்காருங்க" என்றாள் மருமகள்.

நம்முடையது நீலம் என்று எனக்கும் தெரியும். ஆனால் ‘எங்கிருந்தாலும் உடனே வரவும்’ என்று மைக்கில் யாராவது சொன்னால் என் கால் தானாக எழுந்துகொள்கிறது. ஊட்டியில் பிடித்த பழக்கம் அது. சொல்கிறேன், கேளுங்கள். நடுவில் வேறெங்காவது போய்விட்டேன் என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஏழாம் வகுப்போடு நின்றவள், வரிசையாகச் சொல்ல எனக்கு வராது.

கல்யாணமாகி அவிநாசிப் பக்கத்திலிருந்து குன்னூருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு வந்தேன். வீட்டுக்காரருக்கு ஃபேக்டரியில் வேலை, இலை காய வைக்கும் அடுப்பைப் பார்த்துக்கொள்வது. ஒட்டி ஒட்டிக் கட்டிய லைன் வீடுகள். எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் இராசம்மா அக்கா தன் மகனோடு இருந்தார். இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம். லைன் வீட்டை ‘லயம்’ என்பார். கொழுந்து கிள்ளிக் கிள்ளி விரல் நுனியெல்லாம் கறுத்திருக்கும். வீட்டுக்காரர் சட்டையில் வறுபட்ட தேயிலை வாசம், அக்காவின் கையில் பச்சைத் தேயிலை வாசம். இந்த இரண்டு வாசத்துக்கும் நடுவில்தான் என் சின்ன வயது போனது. இப்போதும் டீத்தூள் டப்பாவைத் திறந்தால் வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து நிற்பது போல இருக்கிறது. அவர் போய்ச் சேர்ந்து வெகு காலமாகிறது.

அக்கா என்னைவிடப் பத்து வயதாவது பெரியவர். எங்கள் பக்கத்துப் பேச்சைப் பிடித்துக்கொண்டு என்னை ‘அம்மிணி’ என்பார். ஒருநாளும் ‘தங்கச்சி’ என்று கூப்பிட்டதில்லை. அது ஏன் என்று ஆரம்பத்தில் எனக்குத் தெரியவில்லை.

மே மாதம் வந்தால் சமவெளி முழுக்க மலை ஏறி வந்துவிடும். நாய்க் கண்காட்சி என்பார்கள், படகுப் போட்டி என்பார்கள், பூங்காவில் மேடை போட்டு நாட்டியம், நாதசுரம். எல்லாவற்றுக்கும் மேலே மலர்க் கண்காட்சி. தோட்டத்து ஜனங்களுக்கு அதில் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் கிடைக்கும். குன்னூரில் சின்ன ரயிலைப் பிடித்து, புளிச்சோற்றுப் பொட்டலம் மடியில் சூடாக இருக்க, கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு ஊட்டிக்குப் போவோம். முதல்முறை போனபோது நான் வாழைநார் எடுத்துக்கொண்டு போனேன். இத்தனை பூ வைத்திருக்கிறார்கள், போகும்போது ஆளுக்கு ஒரு கை கொடுக்காமலா விடுவார்கள், கட்டி அம்மனுக்குச் சாத்திவிடலாம் என்று நினைப்பு. அக்கா சிரித்த சிரிப்பில் பக்கத்திலிருந்த பூத்தொட்டிகளெல்லாம் ஆடியிருக்கும். படிப்படியாக அடுக்கிய தொட்டிகள். தட்டகலப் பூக்கள். குனிந்து முகர்ந்தால் பெரும்பாலானவற்றில் வாசமே இல்லை. சாமிக்கு ஒரு பூக்கூட வைக்க முடியாத பூத்தோட்டம் எனக்கு அதிசயமாக இருந்தது.

அங்கேதான் அந்த மைக் மேடை. நாலு மூங்கில், மேலே ஒரு துணி, ஒரு மேசை. குரங்குக் குல்லாய் போட்ட ஒருவர் உட்கார்ந்து, காணாமல் போன பிள்ளைகளின் பெயரைச் சொல்லிக்கொண்டிருப்பார். கூட்டம் அப்படி. பத்தடிக்கு ஒரு பிள்ளை அழுதுகொண்டு நிற்கும். நாங்கள் புல்லில் உட்கார்ந்து சோற்றைப் பிரித்தபோது ஒரு தகப்பன் ஓடிவந்து மேடைக்குப் பக்கத்தில் நின்ற தன் மகனை அள்ளி எடுத்தான். அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்து மேடைக்குப் போனார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"தம்பி, எந் தங்கச்சியக் காணல. கொஞ்சம் கூப்பிட்டு விடுறீங்களா?"

"பேரு என்னம்மா?"

"தெய்வானை."

"வயசு?"

"எட்டு."

"என்ன போட்டிருக்கு?"

"செவப்புக் கவுனு. ரெட்டைச் சடை."

அவர் உடனே மைக்கைப் பிடித்தார். "பொதுமக்கள் கவனத்திற்கு. தெய்வானை என்ற எட்டு வயதுச் சிறுமி, சிவப்புக் கவுன், இரட்டைச் சடை. எங்கிருந்தாலும் உடனே ஒலிபெருக்கி மேடைக்கு வரவும். அக்கா காத்திருக்கிறார்."

ரயிலில் எங்களோடு எந்தப் பிள்ளையும் வரவில்லையே. நான்தான் கவனிக்காமல் விட்டுவிட்டேனோ என்று சுற்றுமுற்றும் தேட ஆரம்பித்துவிட்டேன், பாருங்கள். அக்கா மட்டும் கூட்டத்தைப் பார்த்தபடி அசையாமல் நின்றார். யாரும் வரவில்லை.

திரும்பும்போது ரயிலில்தான் சொன்னார். தாயில்லாத பிள்ளை தெய்வானை. அக்காதான் தூக்கி வளர்த்தது. இந்தியாவுக்குக் கிளம்பும்போது அப்பாவுக்கும் அக்காவுக்கும் முதலில் உத்தரவு வந்திருக்கிறது. பிள்ளையை அத்தையிடம் விட்டு, அடுத்த கப்பலில் அனுப்பு என்று தலைமன்னார்க் கரையில் விட்டுவிட்டு வந்தார்கள். அத்தை குடும்பம் பிறகு வந்ததாக யாரோ சொன்னார்களாம், கூடலூர்ப் பக்கமோ கொடைக்கானல் பக்கமோ தோட்டத்தில் சேர்த்தார்கள் என்று. அதற்குமேல் தகவல் இல்லை.

"ஏனுங்க அக்கா, அப்ப அவங்களுக்கு இப்ப இருவது வயசுக்கு மேல ஆயிருக்குமே. எட்டுன்னு சொல்லீட்டீங்களே?"

"அவரு வயசு கேட்டாரு அம்மிணி. எனக்குத் தெரிஞ்ச வயசு அதுதானே."

அடுத்த சித்திரையில் ஊட்டி மாரியம்மன் தேருக்கு அவரைக் கூட்டிப்போனேன். அந்தத் தேர்மேல் உப்பு வீசுவார்கள், தெரியுமோ? உப்பு கரைவதுபோல நம் கஷ்டமும் கரையும் என்று வேண்டிக்கொண்டு வீசுவது. தேர் வரும் வழியெல்லாம் கல்லுப்பு காலில் நறநறக்கும். நான் குழந்தை வரத்துக்காக வீசினேன். அம்மன் கொடுத்தாள். அக்கா கை நிறைய உப்பை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

"உப்புத் தண்ணிக்கு அந்தப் பக்கந்தானே புள்ளைய விட்டேன்" என்று சொல்லிவிட்டு வீசினார்.

அந்த வருடம் மலர்க் கண்காட்சியில் குல்லாய்க்காரருக்கு எங்களை அடையாளம் தெரிந்துவிட்டது.

"ஏம்மா, போன வருசமும் தொலைச்சீங்க, இந்த வருசமுமா? புள்ளைய இடுப்புல கட்டிக்கிட்டு வரக்கூடாதா? வயசு என்ன?"

"எட்டு."

"இந்த வருசமும் எட்டா?"

சிரித்துக்கொண்டே கேட்டவர் அக்கா முகத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. மைக்கை எடுத்து, போன வருடம் சொன்னதை ஒரு சொல் மாறாமல் சொன்னார். அதற்கப்புறம் எந்த வருடமும் அவர் கேட்டதில்லை. எங்கள் தலை தெரிந்ததுமே "தெய்வானை என்ற எட்டு வயதுச் சிறுமி" என்று ஆரம்பித்துவிடுவார். மழை பெய்தாலும் அக்கா முக்காடு போட்டுக்கொண்டு நிற்பார். நான் தொட்டிகளைப் பார்ப்பதுபோல் நடிப்பேன். உள்ளுக்குள் பயமாக இருக்கும். வரக் கூடாதவள் யாராவது வந்துவிடுவாளோ என்று ஒரு பயம், நம்புங்கள்.

ஒரு வருடம் அப்படி ஒரு பிள்ளை வந்தேவிட்டது.

காவலுக்கு நின்ற ஆள் ஒருவர் ஒரு பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு கூட்டத்தை விலக்கி வந்தார். எட்டு வயது இருக்கும். சிவப்புக் கவுன். இரண்டு சடையும் அவிழ்ந்து கிடந்தன.

"இந்தப் புள்ளைதானுங்களா? கண்ணாடி மாளிகைக்கிட்ட அழுதுட்டு நின்னுதுங்க."

அக்கா அங்கேயே தரையில் உட்கார்ந்தார். பிள்ளை போய் மடியில் விழுந்து அழுகையை நிறுத்தியது. அக்கா அவிழ்ந்த சடையைப் பிரித்துப் பின்ன ஆரம்பித்தார். குல்லாய்க்காரர் குனிந்து, "உம் பேரென்ன கண்ணு?" என்றார்.

"பேரு கேக்காதீங்க தம்பி" என்றார் அக்கா. "பயந்து போயிருக்கா."

குல்லாய்க்காரர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். கேட்டுவிட்டால் அது வேறு யாருடைய பிள்ளையாகவோ ஆகிவிடும் என்று மூன்று பேருக்கும் தெரியும். சடையை அவ்வளவு மெதுவாகப் பின்னி நான் பார்த்ததில்லை. அக்கா கொடுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது, அம்மா தாயே, என்று வேண்டிக்கொண்டே நின்றேன்.

"பவித்ரா!" என்று ஒரு பெண் ஓடிவந்தாள். பிள்ளை "அம்மா" என்று துள்ளி எழுந்து ஓடியது. அவள் அதன் முதுகில் ஒன்று வைத்து, உடனே கட்டிக்கொண்டு அழுதாள். அக்கா கையில் ரிப்பன் மிச்சமிருந்தது. எழுந்துபோய் அதைக் கொடுத்தார்.

"இன்னொரு பக்கந்தான் பின்னணும் தாயி" என்றார்.

திரும்பும்போது ரயில் கேத்தி ஸ்டேஷனைத் தாண்டியது. பிறகு, "அம்மான்னு ஓடுச்சு பாத்தியா அம்மிணி. எந் தெய்வானையும் யாரையாச்சும் அப்படிக் கூப்பிட்டு ஓடியிருப்பா. நடுவுல நின்னு நான் ஏன் கூப்பிடணும். இனிமே வேணாம்" என்றார்.

சொன்னபடி மறுவருடம் வரவில்லை. அந்த வருடம் ஃபேக்டரியில் ஏதோ மெஷின் பழுதாகி வீட்டுக்காரருக்குச் சனிக்கிழமை ஓய்வு கிடைத்தது. நானும் அவரும் கைக்குழந்தையும் போனோம். எனக்கு அது முதல் சனிக்கிழமை. மேடையில் குல்லாய்க்காரர் இல்லை, வேறொரு இளவட்டம். நாங்கள் சுண்டல் வாங்கிக்கொண்டிருந்தபோது மைக்கில் கேட்டது.

"இராசம்மா என்ற இருபது வயதுப் பெண், பச்சைத் தாவணி. எங்கிருந்தாலும் உடனே ஒலிபெருக்கி மேடைக்கு வரவும். தங்கச்சி காத்திருக்கிறார்."

சுண்டல் கீழே கொட்டியது. குழந்தையை அவர் கையில் திணித்துவிட்டு ஓடினேன். "ஏ புள்ள, எங்க ஓடறே?" என்ற குரல் பின்னால் வந்தது. ஊட்டிச் சீசன் கூட்டத்தில் ஓடிப் பார்த்திருக்கிறீர்களா? ஓட முடியாது. ஒவ்வொரு முதுகாகத் தள்ளித்தான் போக வேண்டும். போய்ச் சேர்ந்தபோது மேடைக்கு முன்னால் யாரும் இல்லை.

"இராசம்மாவக் கூப்புட்டது ஆருங்க?"

"இப்பத்தானுங்க போனாங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு. போன வருசமும் சனிக்கெழமை வந்தாங்க. நீங்கதான் இராசம்மாங்களா?"

"இல்லீங்க. எந்த பஸ்? எப்படி இருந்தாங்க?"

"எந்த பஸ்ஸுன்னு கேக்கலீங்க. முப்பது வயசு இருக்குமுங்க. அக்காவுக்கு இருவதுன்னா தங்கச்சிக்கு எப்படிங்க முப்பதுன்னு நானே கேட்டனுங்க. சிரிச்சுட்டுப் போயிட்டாங்க."

பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். கூடலூர் பஸ், கோத்தகிரி பஸ், எல்லாவற்றிலும் ஏறி "தெய்வானை, தெய்வானை" என்று கத்தினேன். யாரும் திரும்பவில்லை. கண்டக்டர் ஒருவர், டிக்கெட் வாங்கிட்டுக் கூப்புடுங்கம்மா என்றார்.

தோட்டத்துக்குத் திரும்பியதும் நேராக அக்கா வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அடுப்பில் ரொட்டி கிடந்தது. தீய்கிற வாசம் வந்தும் அவர் திருப்பவில்லை. பச்சைத் தாவணி பற்றிக் கேட்கவில்லை, எந்த பஸ் என்று கேட்கவில்லை.

"சிரிச்சாளாமா?" என்றார்.

"சிரிச்சாங்களாமுங்க அக்கா."

"சிரிச்சிருக்கா" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, அப்புறம்தான் ரொட்டியை எடுத்தார்.

அதற்குப் பின் நாங்கள் சனிக்கிழமையும் போனோம், ஞாயிற்றுக்கிழமையும் போனோம். சனிக்கிழமை வேலைக்கு மட்டம் போட்டதற்குக் கங்காணியிடம் திட்டு வாங்கிக்கொண்டு காலையிலிருந்து மாலைவரை மேடையடியிலேயே உட்கார்ந்தோம். குல்லாய்க்காரரும் அந்த இளவட்டமும் மாற்றி மாற்றிக் கூப்பிட்டார்கள். அவள் வரவில்லை. அவளும் ஒரு வருடம், போதும் என்று நினைத்துவிட்டாளோ என்னவோ. அம்மன் கொடுத்தாளா, கொடுக்காமல் விட்டாளா என்று எனக்கு இன்றைக்கும் பிடிபடவில்லை. கும்பிடும்போது கேட்பதுண்டு. பதில் சொல்லமாட்டாள்.

தோட்டத்தை மூடியபோது அக்கா தன் மகனோடு திருப்பூர் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார். லாரியில் சாமான் ஏற்றும்போது என் கையைப் பிடித்து, "நீ இங்கனதானே இருக்கே. மே மாசம் மட்டும் போயிட்டு வா" என்றார். போனேன். பிள்ளைகள் வளர்ந்து, வீட்டுக்காரர் காலமாகி, முழங்கால் மடங்க மறுத்த பிறகும் போனேன். திருப்பூரிலிருந்து தகவல் வருவது எப்போதோ நின்றுவிட்டது. எங்கள் லைன் வீடுகளை இடித்து விருந்தினர் விடுதி கட்டிவிட்டார்கள். கடைசியாகப் போனபோது மேடை இருந்த இடத்தில் பூவாலேயே இதயம் மாதிரி ஒரு வளைவு வைத்திருந்தார்கள், உள்ளே நின்று படம் எடுத்துக்கொள்ள. காவலாளிப் பையனிடம் மைக் எங்கே என்று கேட்டேன்.

"அதெல்லாம் இப்ப எதுக்குங்க பாட்டி? எல்லாத்துகிட்டயும் போன் இருக்குது. ஆருங்க இப்ப தொலையறாங்க?"

ஆமாம் சாமி என்றுவிட்டு வாசலுக்கு நடந்தேன். எதிரே கூட்டம் உள்ளே வந்துகொண்டிருந்தது. வந்த பெண்களில் தெய்வானைக்கு இப்போது இருக்கும் வயதை ஒத்தவர்களை எல்லாம் ஒவ்வொருவராக முகம் பார்த்துக்கொண்டே நடந்தேன். நான் ஒருநாளும் பார்த்திராத முகம் அது. பக்கத்தில் உரசிக்கொண்டு போயிருந்தாலும் எனக்கு எப்படித் தெரியும், சொல்லுங்கள்.