ஏழாம் நாள் பழையது

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. கந்தசஷ்டிக்கு ஆறு நாள் விரதம் இருப்பவள், ஏழாம் நாள் காலையில் எதைச் சாப்பிட்டு விரதம் முடிப்பது என்பதை அவளே சொல்ல வேண்டும். அவள் சொன்னதைத்தான் அன்று வீடு முழுவதும் சாப்பிடும். கேட்பதற்கு மிகவும் நியாயமான வழக்கம்.

விரதம் இருந்தவள் என் சித்தி, அப்பாவின் தம்பி மனைவி. கல்யாணமாகிப் பல வருஷங்கள் ஆகியும் குழந்தை இல்லை. அதற்காகத்தான் ஐப்பசிதோறும் விரதம். முந்தின நாள் கேட்டால், "எல்லாருக்கும் எது பிடிக்குமோ, அதுவே வச்சிரலாம்" என்பாள். சித்தப்பாவுக்குப் பிடித்தது சொதி. ஆகவே வருஷா வருஷம் சொதி. தேங்காய் துருவி, அரைத்து, மூன்று பாலெடுத்து, காய்களையும் பாசிப்பருப்பையும் தனித்தனியே வேகவைத்து, பக்கத்தில் இஞ்சிப் பச்சடியும் உருளைக்கிழங்கும் செய்தால்தான் எங்கள் ஊரில் அது சொதி.

அம்மா பள்ளிக்கூட ஆசிரியை. காலையில் எட்டு மணிப் பேருந்தைப் பிடித்துப் போய்விடுவாள். அடுக்களை சித்தியுடையது. விரத நாட்களிலும் அப்படித்தான். பகல் முழுவதும் தண்ணீர், இரவில் ஒரு தம்ளர் பால், ஒரு வாழைப்பழம். இவ்வளவில் நின்றுகொண்டு எங்களுக்கு மூன்று வேளையும் சமைப்பாள். அந்த ஆறு நாளும் வெங்காயமும் பூண்டும் இல்லாமல் சாப்பிட்டதை நாங்கள் பெரிய தியாகமாகப் பேசிக்கொள்வோம்.

விரதக்காரி ருசி பார்க்கக் கூடாது. அதனால் உப்புப் பார்க்கிற பொறுப்பு ஒன்பது வயதான எனக்கு. அவள் கூப்பிட்டதும் ஓடிப்போய் உள்ளங்கையை நீட்டுவேன். கரண்டியிலிருந்து நாலு சொட்டு விழும். நக்கிப் பார்த்துவிட்டு, "ஒரு கல்லு போடுங்க சித்தி" என்று தீர்ப்புச் சொல்வேன். அந்த அதிகாரம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

அந்த வருஷம் விடாத மழை. ஆற்றில் வெள்ளம் வந்து, குறுக்குத்துறைக் கோயிலுக்குள் தண்ணீர் ஏறிவிட்டது என்று சித்தப்பா தினமும் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். விறகு நனைந்து, அடுக்களை முழுவதும் புகை. ஆறாம் நாள் மாலை சித்தி பெரிய பானையை எடுத்து உலை வைத்தாள். ராத்திரிக்கு விருந்தாட்கள் வருகிறார்களாக்கும் என்று நினைத்தேன். யாரும் வரவில்லை. சோறு பாதிக்கு மேல் மிஞ்சியது.

சாப்பிட்டு முடித்ததும் அத்தை ஆரம்பித்தாள். அப்பாவுக்கு அக்கா, சஷ்டிக்கு நாங்குநேரியிலிருந்து வந்து, விரதம் ஒழுங்காக நடக்கிறதா என்று மேற்பார்வை செய்பவள்.

"நாளைக்கு என்னட்டி? சொதிதானே? தேங்கா இருக்கா, வாங்கணுமா?"

"பழையது போதும் மைனி" என்றாள் சித்தி.

அத்தைக்கு முதலில் புரியவில்லை. "யாருக்குப் பழையது?"

"எனக்குத்தான். சோத்துல தண்ணி ஊத்தி வச்சாப் போதும். காலையில மோரு விட்டுக்கிடலாம்."

"ஏட்டி, ஒனக்குப் புத்தி பேதலிச்சுட்டா? நாளைக்குத் திருக்கல்யாணம். புள்ள வரம் கேட்டு ஆறு நாளு பட்டினி கெடந்துட்டு, நல்ல நாளும் அதுவுமா பழசத் திங்கேங்குத! வரம் நெலைக்குமா? முருகன் என்ன நெனப்பான்?"

"அவருக்கு அங்கன கல்யாணச் சாப்பாடு இருக்கு மைனி. என் தட்ட எட்டிப் பாக்க மாட்டாரு."

சித்தப்பா சிரித்துவிட்டார். பிறகுதான் வழக்கம் நினைவுக்கு வந்தது போலும். "அப்ப எனக்கும் பழையதா?" என்றார்.

அப்பா பத்திரிகையை மடித்து வைத்தார். "அவ சொல்லுததுதான் சரி. காஞ்ச வயித்துல தேங்காப்பால் போனாக் கேடு. பழையதுல உள்ள சத்து எதுலயும் கெடையாது" என்று நெடுநேரம் விளக்கினார். சித்தி ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

"வரத்தக் கரைச்சுக் குடிக்கப் போறா. சொல்லிட்டேன்" என்றாள் அத்தை.

அம்மா எழுந்து போய்ப் பானையில் தண்ணீர் ஊற்றினாள். எனக்கு அழுகை வந்தது. நான் சொதிக்காகக் காத்திருந்தேன்.

மறுநாள் மழையால் பள்ளிக்கூடம் கிடையாது. காலையில் அடுப்பு எரியவில்லை. வெளிச்சம் வந்த பிறகும் சித்தி பாயில் கிடந்தாள், வாய் லேசாகத் திறந்தபடி. பகல் வெளிச்சத்தில் அவள் படுத்திருந்து நான் பார்த்ததே இல்லை. நோயோ என்று பயந்தேன். எழுப்பப் போன அத்தையை அம்மா நிலைப்படியில் நின்று தடுத்தாள்.

"இருக்கட்டும் மைனி. பைய எந்திக்கட்டும். அடுப்புல வைக்கதுக்கு ஒண்ணுமில்லையே."

சித்தி எழுந்து, குளித்து, கும்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். அம்மா சோற்றைப் பிழிந்து வைத்து மோர் ஊற்றினாள். நாலு சின்ன வெங்காயம், ஒரு மோர் மிளகாய். நான் பழக்கத்தில் கையை நீட்டினேன். சித்தி சிரித்தாள். "இன்னைக்கு நானே பாத்துக்கிடுதேன்" என்றாள். மிக மெதுவாகச் சாப்பிட்டாள். சாப்பிட்டுவிட்டு மறுபடியும் போய்ப் படுத்துக்கொண்டாள். அத்தை இரண்டு வாழைப்பழத்தோடு கோயிலுக்குப் போனாள். சித்தப்பா மழையில் குடை பிடித்துக்கொண்டு ஹோட்டலுக்குப் போனார்.

குழந்தை பிறக்கவில்லை. அதற்கான காரணத்தை அத்தை கடைசிவரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். அடுத்த ஐப்பசியில் சித்தி விரதம் இருக்கவில்லை. "எனக்கு முடியாது" என்று மட்டும் சொன்னாள்.

சித்திக்குப் பழையது என்றால் உயிர் என்பது எங்கள் வீட்டில் நிலைத்துவிட்டது. எனக்குக் கல்யாணமாகி அவள் என் வீட்டுக்கு வந்தபோதெல்லாம், முதல் நாள் இரவே ஞாபகமாகச் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைப்பேன். "நல்லாருக்கு" என்று சாப்பிட்டுவிட்டுப் போவாள்.

போன ஐப்பசியில் என் மகளுக்காக நான் விரதம் இருந்தேன். ஆறாம் நாள் இரவு என் கணவர், "நாளைக்கு என்ன வேணும்? நீ சொல்லுததுதான்" என்றார். அன்பாகத்தான் கேட்டார். ஒவ்வொரு பதார்த்தமாக நினைத்துப் பார்த்தேன். எதன் ருசியும் நினைவுக்கு வரவில்லை. துருவுவதும் அரைப்பதும் பாத்திரம் தேய்ப்பதும்தான் வரிசையாக வந்தன. அப்போது சித்தி சொதி வைத்த இன்னொரு நாள் ஞாபகம் வந்தது.

அது அந்தப் பழையதுக்கு மறுநாள். சித்தப்பா விடவில்லை, தேங்காயோடு வந்துவிட்டார். மழை விட்டு வானம் வெறித்திருந்தது. சித்தி என்னைக் கூப்பிட்டு உள்ளங்கையில் சொதியை ஊற்றினாள்.

"உப்பு சரியா இருக்கா, பாரு."

"சரியா இருக்கு சித்தி" என்றேன் பெருமையாக.

விரதம்தான் முடிந்துவிட்டதே, அவளே பார்க்கலாமே என்று எனக்குத் தோன்றவில்லை.